மாடியிலிருந்து இறங்கிய மலை ரயில்

ஜூலை 8, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெனிட்டா சொன்னதால் இதை எழுதத் தொடங்குகிறேன். "ஆன்ட்டி, அங்கிள் என்ன வார்த்தை சொல்றாரு, எப்ப சொல்றாருன்னு தினமும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. ஒரே ஒரு வார்த்தைன்னாலும் எழுதுங்க. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா நமக்கே ஆச்சரியமா இருக்கும்" என்றாள். சின்னப் பெண். இருகூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். வந்ததும் தண்ணீர்கூடக் கேட்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள்.

முதல் பக்கம் என்பதால் விவரம் எழுதிவிடுகிறேன். அவர் பெயர் குழந்தைவேலு. வயது 67. பாலிடெக்னிக்கில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதுவது அவர் மனைவி வசந்தாமணி. வீடு கோயம்புத்தூர், வடவள்ளி. ஜூன் 11, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் மாடி அறையில் பக்கவாதம் வந்து விழுந்திருக்கிறார். நான் பார்த்தது பன்னிரண்டே முக்காலுக்கு. பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்கவில்லை. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. இப்போது காலில் கொஞ்சம் பலம் வந்திருக்கிறது, பிடித்துக்கொண்டால் பத்தடி நடக்கிறார். கை அப்படியே இருக்கிறது.

இன்றைய வார்த்தைகள்: ஆமா. இல்ல. நாலு.

சாப்பாடும் நாலு, தண்ணீரும் நாலு, மின்விசிறியும் நாலு, நானும் நாலு.

ஜூலை 9, செவ்வாய்

ஆமா, இல்ல, நாலு. இட்லி மூன்று சாப்பிட்டார்.

ஜூலை 13, சனி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

மனப்பாடமாக ஒப்பிக்கும் விஷயங்கள் மூளையில் வேறு இடத்தில் இருக்குமாம், அதனால் கிழமைகள், மாதங்கள் இவற்றைச் சொல்ல வைத்துப் பார்க்கலாம் என்று பெனிட்டா "ஞாயிறு, திங்கள்" என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். "சித்திரை, வைகாசி" என்றாள். அதற்கும் ஜன்னல்தான்.

நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, "மேட்டுப்பாளையம்" என்றேன்.

அவர் திரும்பினார். "கல்லாறு" என்றார்.

தெளிவாக, பழைய குரலில். பெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. "அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி." ஊட்டி வந்ததும் மூச்சு வாங்கியது. பிறகு தேம்பி அழுதார். நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். மருதமலை இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

"ஏன் ஆன்ட்டி ஊட்டி ரயில்?" என்று பெனிட்டா கேட்டாள். மாடியில் இருப்பதைச் சொன்னேன். அந்த ரயிலைத்தான் பதினேழு வருஷமாக மரப்பலகையின் மேல் கட்டிக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, பதினான்கு அடி நீளம். தண்டவாளம், பாலம், குகை, சிக்னல், ஸ்டேஷன் விளக்கு எல்லாம் உண்டு. விழுந்ததும் அதற்கு அடியில்தான்.

ஜூலை 15, திங்கள்

"அந்த ரயில் கீழ இருந்தா நல்லா இருக்கும் ஆன்ட்டி. அவரு பேசணும்னு நெனைக்கறது அதப் பத்தித்தான்" என்றாள் பெனிட்டா.

அவரால் மாடி ஏற முடியாது. வெளிப்பக்கப் படிக்கட்டு, குறுகலான திருப்பம் வேறு. பதினான்கு அடிப் பலகை அதில் இறங்காது. இறக்க வேண்டுமென்றால் நாலு துண்டாக அறுக்க வேண்டும். மேலே தண்டவாளத்தை அறுப்பது ஒரு வேலை. அடியில் பலகைக்குப் பலகை ஓடும் மின்கம்பிகளை வெட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் கழற்றி மாட்டுகிற மாதிரி கனெக்டர் வைப்பது அதைவிடப் பெரிய வேலை.

திருப்பூரிலிருந்து சுபாஷினி போன் செய்தாள். எங்களுக்கு ஒரே மகள். "அம்மா, ஆசப்படறவங்க யாருக்காச்சும் குடுத்துடலாம்மா. அப்பா அதப் பாத்துப் பாத்து ஏங்கறதுக்கா? கம்பியெல்லாம் வெட்டிட்டு அப்புறம் யாரு சேக்கறது?"

"நாஞ் சேக்கறேன்" என்றேன்.

"நீயாம்மா?" என்றாள். அவளுக்குத் தெரியும், பன்னிரண்டு வருஷமாக நான் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. ஜூன் 11 அன்று போனதுதான்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. மயில்சாமி ஆசாரி வந்தார். "ஏனுங்கம்மா, ஆடி பொறந்த அன்னிக்கே அறுக்கச் சொல்றீங்களா?" என்று இழுத்தார். புதிதாக எதையும் தொடங்கவில்லை, இருப்பதை இறக்குகிறோம் என்றேன். அதில் ஒரு நியாயம் இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

ரயிலுக்காக இவர் வரைந்து வைத்திருந்த வரைபட நோட்டை இவருடைய நாற்காலிக்கு முன்னால் விரித்து வைத்தோம். எங்கே அறுக்கலாம் என்று ஆசாரி பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இங்கீங்களா மாஸ்டரு?"

"ஆமா."

ஆசாரி அடுத்த கோட்டுக்குப் போனார். இவர் மேஜையை இடது கையால் தட்டித் தட்டி, "ஆமா, ஆமா" என்றார். முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு ஆமாவும் இல்லையும் இடம் மாறி வருகின்றன. "வாயில சொல்லாதீங்க. சரின்னா கட்டை விரலத் தூக்குங்க. வேண்டாம்னா உள்ளங்கையக் காட்டுங்க" என்றேன்.

உள்ளங்கையைக் காட்டினார். ஆசாரி போட்ட கோடு சரியாகக் கல்லாறு பாலத்தின் நடுவில் இருந்தது. இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டதும் கட்டை விரல் எழுந்தது.

"நல்லவேளைங்கம்மா, பாலத்தையே ரெண்டாக்கி இருப்பேன்" என்று ஆசாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

புது வார்த்தை: பாலம்.

ஜூலை 20, சனி

அவரைக் கீழே பெனிட்டாவிடம் விட்டுவிட்டு மாடிக்குப் போனேன். பலகைக்கு அடியில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்தேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அவருடைய கல்லூரிக்காரர்கள் நாலு பேர் ரயிலைப் பார்க்க வந்திருந்தார்கள். காபி கொண்டுபோனேன். ஒரு சிக்னல் எரியவில்லை. கம்பி விட்டிருக்கும் என்று அடியில் கையை விட்டேன். "கைய வெக்காத வசந்தா. உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார், எல்லார் முன்னிலும். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். பிறகு ஏறவில்லை.

அப்போது நான் தொலைபேசி நிலையத்தில் இருபத்து மூன்றாவது வருஷம் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊரிலிருந்து வரும் அத்தனை டெலிபோன் கம்பிகளும் வந்து சேரும் பெரிய இரும்புச் சட்டம் இருக்கும். அதில் எந்தக் கம்பி எந்த வீடு என்று கண்டுபிடித்துச் சேர்ப்பதும் பிரிப்பதும்தான் என் வேலை. மொத்தம் முப்பத்தோரு வருஷம். வேலை எப்படிப் போகிறது என்று வீட்டில் கேட்பார். என்ன வேலை என்று கேட்டதில்லை.

சரி, கம்பிக்கு வருகிறேன். எல்லாமே சிவப்பு! மனிதர் ஒரே நிறத்தில் மொத்தச் சுருளையும் ஓட்டியிருக்கிறார். எது எதற்கு என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்திருக்கிறது. நோட்டில் பாதிதான் இருக்கிறது. ஒரே கம்பியின் இரு முனையையும் தொட்டால் கீச்சிடும் மீட்டரை வைத்து, ஒவ்வொன்றாகச் சத்தம் வருகிறதா என்று பார்த்துத் தேடினேன். ஒவ்வோர் இணைப்பையும் பன்னிரண்டு கம்பிகள் கடக்கின்றன. பன்னிரண்டு என்று எண்ணி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டேஷனும் பன்னிரண்டு. பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி, முதல் கம்பிக்கு மேட்டுப்பாளையம், இரண்டாவதற்குக் கல்லாறு என்று ஊட்டி வரை எழுதி, வெட்டப் போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒட்டினேன்.

ஒரு பழுப்புக் கம்பி மட்டும் தனியாகப் போய்த் தரையில் ஒரு துளைக்குள் இறங்குகிறது. ரயிலுக்குச் சம்பந்தம் இல்லாதது. விட்டுவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

அறுத்தாயிற்று. ஆசாரி மெல்லிய வாளால் தண்டவாளத்தை அறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டே அறுத்தார். பலகைகள் மறுபடி இம்மி பிசகாமல் சேர வேண்டும் என்று ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு பித்தளைக் குச்சியும் இரண்டு போல்ட்டும் வைத்துக் கொடுத்தார். நான் கேட்காமலே செய்தது. மகராசன்.

"இந்தப் பழுப்புக் கம்பி எங்கீங்கம்மா போகுது?"

"அது பழசுங்க. வெட்டிருங்க" என்றேன்.

ஆசாரியும் அவர் தம்பியுமாக ஒவ்வொரு பலகையாக இறக்கிக் கூடத்தில் வைத்தார்கள். இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குன்னூர்ப் பலகை வாசலில் நுழைந்தபோது இடது கையை நீட்டி ஸ்டேஷன் கூரையைத் தொட்டார். குழந்தையின் தலையைத் தொடுவதுபோல.

புது வார்த்தைகள்: மெல்ல. வா.

ஜூலை 23, செவ்வாய்

மூன்று இணைப்பு. முப்பத்தாறு கம்பி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. ஆக எழுபத்திரண்டு இடத்தில் ஈயம் உருக்கி வைத்து ஒட்ட வேண்டும். காந்திபுரம் போய், பதினைந்து ஊசிகள் (பின்) உள்ள கனெக்டர், ஒன்றுக்குள் ஒன்று செருகும் ஆணும் பெண்ணுமாக மூன்று ஜோடி வாங்கி வந்தேன். கடைக்காரர், "வீட்டுக்காரருக்குங்களா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன்.

ஜூலை 27, சனி

முதல் இணைப்பு. அவர் ஸ்டேஷன் பெயர் சொல்லச் சொல்ல, அந்தப் பெயர் ஒட்டிய கம்பியை எடுத்து அதே வரிசையில் உள்ள பின்னில் வைப்பேன். நடுவில் எந்த ஸ்டேஷனையும் தனியாகச் சொல்ல அவருக்கு வராது. மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பினால்தான் வரும். அதனால் ஆறாவது கம்பிக்கு ஆறு ஸ்டேஷன், ஏழாவதற்கு ஏழு. ஊட்டிக்குப் போவதற்குள் இருவருமாக மலையை எத்தனை முறை ஏறினோம்! பெனிட்டாவின் பயிற்சியில் பத்து நிமிஷத்தில் களைத்துப்போகிறவர் இதில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆண் கனெக்டர் முடிந்து பெண் கனெக்டரைத் தொடங்கும்போது அவர் அதைப் பிடுங்கிப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். "ஆமா, ஆமா" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து, "குடுங்க, சூடு ஆறுது" என்று வாங்கிப் பன்னிரண்டையும் வைத்து முடித்தேன். கட்டை விரலா உள்ளங்கையா என்று நான் பார்க்கவே இல்லை. வாங்கிய கையோடு அவர் கையில் காபி டம்ளரைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டையும் மாட்டி மீட்டரை வைத்தால் மேட்டுப்பாளையத்தைத் தொட்டதற்கு வேறெங்கோ கீச்சென்கிறது.

ஆணுக்கு எதிரே பெண் வரும்போது, கண்ணாடியில் பார்ப்பதுபோல வரிசை இடம் வலமாகும். முதல் நாள் வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. முப்பத்தோரு வருஷம் செய்தவள் கோட்டைவிட்டேன். ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில் எண் பொறித்திருக்கிறது, கண்ணாடி போடாமல் அது தெரியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பன்னிரண்டையும் உருக்கி எடுத்து மறுபடி வைத்தேன். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அவர் "ஆமா" என்று சொல்லிச் சிரித்தார். விழுந்த பிறகு சத்தமாகச் சிரித்தது இன்றுதான். நான் அசடு வழிந்ததால் கிடைத்த சிரிப்பு. போகட்டும்.

முடித்து மாட்டினேன். மீட்டர் பன்னிரண்டு முறையும் சரியாகக் கீச்சிட்டது. அவர் கனெக்டரை வாங்கி விளக்கடியில் பிடித்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எக்ஸ்சேஞ்சுல என்ன பண்ணேன்னு நெனச்சீங்க? போன எடுத்து அலோ சொல்லீட்டு உக்காந்திருந்தேன்னா?"

அவர் என் வலது கையை எடுத்து, ஈயம் பட்டுச் சிவந்திருந்த விரலைத் தன் விரலால் தடவினார்.

ஜூலை 31, புதன்

புது வார்த்தை: மணி.

பெனிட்டாவுக்கு மகிழ்ச்சி. "மணி என்னன்னு கேக்கறாரு ஆன்ட்டி! கேள்வி கேக்க ஆரம்பிச்சிட்டாரு!" என்றாள். நான் கடிகாரத்தைக் காட்டி, பதினொன்றரை என்றேன். அவர் உள்ளங்கையைக் காட்டினார். சமையலறைப் பக்கம் பார்த்தார். பசி போலிருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. சுபாஷினி வந்திருந்தாள். தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் செய்தேன். அப்பா ஸ்டேஷன் பெயர் சொல்ல நான் இரண்டாவது இணைப்பில் ஈயம் வைப்பதைக் கதவோரம் நின்று பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

"குடுத்துடலாம்னு சொன்னேன் பாரும்மா, நானெல்லாம் ஒரு ஆளு" என்று மூக்கை உறிஞ்சினாள்.

கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ இல்லாட்டி அப்பா என்ன ஆயிருப்பாரும்மா."

அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லாமல் போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜூலை 8ஆம் தேதிப் பக்கத்தில் நான் எழுதியதில் ஒன்று பொய். அன்று நான் துணி துவைக்கவில்லை.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கத் தொடங்கிய மாதமே அவர் ஒரு மணி வைத்தார். மாடியில் பலகைக்கு அடியில் பொத்தான். சமையலறை ஜன்னலுக்கு மேல் மணி. ஒரு முறை அடித்தால் காபி. இரண்டு முறை அடித்தால் சாப்பாடு இப்போது வேண்டாம். காபியை மேல்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒன்றரை மாதம் அப்படிப் போனது. ஒருநாள் பால் பொங்குகிற நேரத்தில் மணி அடித்தது. அடுப்பை அணைத்தேன். முக்காலியைப் போட்டு ஏறினேன். கட்டிங் பிளேயரால் மணிக்குப் பின்னால் பழுப்புக் கம்பியை வெட்டினேன். "மணி வேல செய்யலீங்க" என்றேன். "பாக்கறேன்" என்றார். அவர் பார்க்கவே இல்லை. மறுநாளிலிருந்து காபிக்கு அவரே இறங்கி வந்தார். நான்கு வருஷம்.

ஜூன் 11 பத்தரை மணிக்கு நான் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த மணி தலைக்கு மேலேதான் இருந்தது. பன்னிரண்டுக்குச் சாப்பிட வரவில்லை. படிக்கட்டுக்குக் கீழே நின்று மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார் என்று கோபம் வந்தது. உள்ளே வந்து நான் சாப்பிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் மேலே போனேன்.

அவருடைய இடது கை பலகையின் காலைப் பிடித்திருந்தது. அதற்கு ஒரு சாண் மேலேதான் பொத்தான்.

இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். யாரையும் குறை சொல்லாமல், பொதுவாகச் சொன்னதுதான்.

புதன்கிழமை அவர் கேட்டது நேரத்தை இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் முகம் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க" என்றேன். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "அந்த மணி கெட்டுப் போகலீங்க. நாந்தான் வெட்டிப் போட்டேன்" என்றேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவரைக்காய், மூன்று முறை கூப்பிட்டது, சாப்பிட்டது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அசையாமல் கேட்டார். பிறகு வரைபட நோட்டைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து, இடது கைக் கட்டை விரலால் கடைசிப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். அந்தப் பக்கங்களை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கத்தில் நிறுத்தி என் பக்கம் திருப்பினார். அச்சடித்ததுபோன்ற அவருடைய பழைய கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

"அழைப்பு மணி. பழுப்புக் கம்பி. 12.3.2020: சமையலறைப் பக்கம் வெட்டப்பட்டுள்ளது. வெட்டு சுத்தமாக இருக்கிறது. வ. செய்த வேலை. சரி செய்ய வேண்டாம். இனி காபிக்கு நானே இறங்கிப் போக வேண்டும்."

திரும்பத் திரும்பப் படித்தேன். நான் கடைக்குப் போயிருந்தபோது முக்காலியில் ஏறிப் பார்த்திருக்கிறார். நான்கு வருஷம் தெரிந்தே காபிக்கு இறங்கி வந்திருக்கிறார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் காபியை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அன்னைக்கு... கீழ விழுந்து கெடந்தப்போ... அந்தப் பொத்தான அமுத்துனீங்களா?"

"இல்ல" என்றார்.

அவருடைய இல்லைக்கு என்ன பொருள்? கையைப் பார்த்தேன். உள்ளங்கையைக் காட்டினார். மறுபடி "இல்ல" என்றார். மறுபடி உள்ளங்கை. வாயும் கையும் முதல் தடவையாக ஒன்றையே சொல்லின.

எனக்காகச் சொன்னாரா, நடந்ததையே சொன்னாரா, கேட்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். இப்படி ஒரு மனிதர் மேல்மாடியில் இருந்தது தெரியாமல் நான் கீழே குடித்தனம் நடத்தியிருக்கிறேன். தன் வீட்டிலேயே முப்பத்தோரு வருஷம் கம்பி சேர்த்த ஒருத்தி இருந்தது தெரியாமல் அவரும் மேலே உட்கார்ந்திருந்திருக்கிறார். இனியாவது தெரியட்டும் என்று அவரை உயிரோடு விட்டுவைத்த தெய்வத்துக்கு என்ன செய்து தீர்ப்பது?

பிறகு அவர் தன் கட்டிலைக் காட்டி, "மணி" என்றார். கடைசியில் அதுதான் விஷயம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி வேண்டுமாம்.

ஆகஸ்ட் 7, புதன்

மணியைக் கட்டிலோரம் வைத்துக் கொடுத்தேன். காலையிலிருந்து ஒன்பது முறை அடித்துவிட்டார். ஒன்பது முறையும் போனேன். ஆறாவது முறை எதற்கும் இல்லை, சும்மா.

ஆகஸ்ட் 12, திங்கள்

பெனிட்டா நோட்டைப் பார்த்து எண்ணினாள். நாற்பத்தொரு வார்த்தைகள். நாலாம் தேதியையும் ஆறாம் தேதியையும் படித்தாளா என்று தெரியாது. நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது என் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது இணைப்பையும் முடித்துவிட்டேன். எழுபத்திரண்டும் முடிந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை நாள் என்று மயில்சாமி ஆசாரி தன் வேலைகளை விட்டுவிட்டு வந்தார். பலகைகளைச் சேர்த்துப் போல்ட் முடுக்கினார். நான் அடியில் படுத்து மூன்று கனெக்டரையும் மாட்டினேன். இவர் இடது கையால் ரயிலை ஓட்டும் குமிழைத் திருப்பினார்.

நீல இஞ்சின் மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்பியது. முதல் இணைப்பில் டக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், கடந்துவிட்டது. பாலம், குகை, இரண்டாவது இணைப்பு, மூன்றாவது. ஆசாரி இரண்டு கையையும் கூப்பியபடி கூடவே நடந்தார். "ஏறிருச்சுங்கம்மா! ஏறிருச்சு!" குன்னூரில் போய் நின்றது.

எல்லாம் சரி. குன்னூர் பிளாட்பார விளக்கு மட்டும் எரியவில்லை.

ஊட்டி என்று எழுதி ஒட்டிய பன்னிரண்டாவது கம்பி. மூன்றாவது இணைப்பில் அது பின்னை விட்டு வந்திருந்தது. கடைசியாக வைத்தது, அவசரப்பட்டிருக்கிறேன். கனெக்டரைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்து வைஸ் இடுக்கியில் பிடித்துச் சால்டரிங் அயர்னைச் சூடு வைத்தேன்.

அவர் கையை நீட்டினார்.

"சுடுங்க. வேண்டாங்க" என்றேன். கை நீட்டியபடியே இருந்தது. "நான்" என்றார்.

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் அயர்னின் பிடியைத் துணி சுற்றி அவருடைய இடது கையில் கொடுத்தேன். ஒரு கையால் கம்பியைப் பின்னில் பிடித்தேன், மறு கையில் ஈயம். அவருடைய கை நடுங்கியது. முனை பக்கத்துப் பின்னில் முட்டியது, பின்னால் போனது, மறுபடி வந்தது. அவர் நெற்றியில் வியர்வை. என் விரல் சூட்டில் காந்தியது, நான் விடவில்லை. "மேட்டுப்பாளையம், கல்லாறு, அடர்லி" என்று அவரே முணுமுணுக்கத் தொடங்கினார். நானும் சேர்ந்துகொண்டேன். ஊட்டி வரும்போது ஈயம் உருகி இறங்கியது. அவர் கையை எடுக்கும்போது ஒரு நடுக்கம், ஈயம் உறைவதற்குள் கம்பி சற்று அசைந்துவிட்டது.

மாட்டினோம். குன்னூர் பிளாட்பாரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவர் அந்த விளக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "வசந்தா" என்றார். பிறகு கையை விரித்து, இது எப்படி இருக்கிறது என்று கேட்பதுபோல, "சரியா?" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஈயம் பின்னைச் சுற்றிக் குண்டாக உட்கார்ந்திருக்கிறது, பளபளப்பே இல்லை. எக்ஸ்சேஞ்சில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே உருக்கி எடுத்துவிட்டு மறுபடி வைத்திருப்பேன். கம்பியை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

"நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி, கனெக்டரின் மூடியைப் போட்டுத் திருகினேன்.